கண்ணை மூடினால் தெரியும் தேக்கா: மாதவிடாய்ச் சுழற்சியும் மனக்காட்சியும்

கண்ணை மூடிக்கொண்டு சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையின் மீன்கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஐஸ் மேல் அடுக்கிய வஞ்சிரம், அதன் வெள்ளி முதுகில் விழும் விளக்கு வெளிச்சம், கடைக்காரரின் கத்தி, செருப்பை நனைக்கும் தரைத் தண்ணீர். சிலருக்கு இது எதிரில் நிற்பது போலவே தெரியும். சிலருக்கு வெளிறிய நிழலாக வந்து போகும். வேறு சிலருக்குக் கடை எங்கே இருக்கிறது, மீன் என்ன நிறம் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும்; ஆனால் மனக்கண்ணில் எதுவுமே தெரியாது. அறிவதற்கும் கண்ணுக்குப் புலப்படுவதற்கும் தமிழில் 'தெரியும்' என்ற ஒரே சொல்தான். மனக்காட்சி பற்றிய ஆராய்ச்சி, இந்த இரண்டு தெரிதலையும் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது.

1880இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் தமக்குத் தெரிந்தவர்களிடம் 'இன்று காலை உட்கார்ந்த சாப்பாட்டு மேசையை மனத்தில் கொண்டுவந்து சொல்லுங்கள்' என்று கேட்டபோதே, ஆளுக்கு ஆள் இது எவ்வளவு மாறுபடுகிறது என்பது வெளிப்பட்டது. மனத்தில் படமே தோன்றாத நிலைக்கு 'அஃபேன்டேசியா' என்று பெயர் வைத்தவர் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன், ஆண்டு 2015. படம் முற்றிலும் தோன்றாதவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருப்பார்கள். மிக மங்கலாக மட்டும் தோன்றுபவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு பேர் வரை.

இதெல்லாம் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. ஒரே பெண்ணுக்குள், ஒரே மாதத்துக்குள் மனக்காட்சி கூடிக் குறையுமா என்பது வேறு கேள்வி. முட்டை வெளியான பிறகு வரும் வாரத்தில் மனக்காட்சி சற்று வலுப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அது சிறிய ஆதாரம்தான், ஆனால் கவனமாக அளந்து கிடைத்தது. மனத்தில் பொருள்களைச் சுழற்றிப் பார்க்கும் திறன் மாதத்தோடு ஏறி இறங்குகிறது என்ற பழைய கூற்றோ இன்று வலுவிழந்து நிற்கிறது. அழைக்காமலே வந்து நிற்கும் வேதனைக் காட்சிகள் விஷயத்தில்தான் இந்தச் சுழற்சி ஒரு பெண்ணின் அன்றாடத்தைத் தொடுகிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் 'பீரியட் வந்தால் மூளை மாறிவிடும்' என்பது போன்ற தட்டையான பேச்சுகள் பரவுகின்றன.

ஒரு கோலம், இரண்டு திறன்கள்

நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. அதைச் சுற்றி வளைந்தோடும் ஒரு சிக்குக் கோலத்தை மனத்தில் வரையுங்கள். அரிசிமாவின் வெண்மை, சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு, இழை கொஞ்சம் தடித்துப் போன இடம்: இவை தெரிந்தால் அது உருவக் காட்சி. இப்போது அதே கோலத்தைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். மேல் இடது மூலையில் இருந்த கண்ணி எங்கே வந்தது? விடை சொல்ல நிறமோ பளபளப்போ தேவையில்லை. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற அமைப்பு மட்டும் போதும். இது இடக் காட்சி.

இரண்டும் வேறு வேறு திறன்கள் என்பதை விரிவாகக் காட்டியவர்களுள் மரியா கோஷெவ்னிகோவ் முக்கியமானவர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக உளவியல் துறையில் பணியாற்றியவர். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதிலும் தேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓவியர்கள் உருவக் காட்சியில் வலுவாக இருப்பதும், அறிவியலாளர்களும் பொறியாளர்களும் இடக் காட்சியில் வலுவாக இருப்பதும் அவரது குழுவின் ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே 'மனக்காட்சித் திறன் மாதவிடாயோடு மாறுகிறதா' என்று யாராவது கேட்டால், எந்த மனக்காட்சி என்பதுதான் நம்முடைய முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஹார்மோன்கள் இரண்டையும் ஒரே விதமாகத் தொடும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை.

நாள்காட்டி சொல்வதும் உடல் செய்வதும்

ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். அப்போது எஸ்ட்ராடியோல், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் அடிமட்டத்தில் இருக்கும். எஸ்ட்ராடியோல் மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 பிகோகிராம்; புரோஜெஸ்டிரோன் 1 நானோகிராமுக்கும் கீழே. பிறகு எஸ்ட்ராடியோல் மட்டும் ஏறிக்கொண்டே போய், முட்டை வெளியாவதற்குச் சற்று முன்பு 200 முதல் 400 வரை தொடும். அந்த ஏற்றம், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைப் பாயச் செய்கிறது. பாய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். உடனே எஸ்ட்ராடியோல் சடாரென்று சரியும். முட்டை இருந்த இடம் சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் அது 10 நானோகிராமைத் தாண்டிப் போகலாம். எஸ்ட்ராடியோலும் இரண்டாம் முறை, அவ்வளவு உயரமில்லாமல், ஏறும். கரு தங்கவில்லையென்றால் இரண்டும் விழுந்து அடுத்த ரத்தப்போக்கு தொடங்கும்.

பள்ளிப் பாடப் புத்தகத்து 28 நாளும் 14ஆம் நாளும் பலருக்குப் பொருந்துவதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளைச் செயலிப் பதிவுகளிலிருந்து எடுத்துப் பார்த்தது. சராசரிச் சுழற்சி 29.3 நாள், முட்டை வெளியாகும் வரையிலான முன்பாதி சராசரி 16.9 நாள், அதன் பிறகு வரும் பின்பாதி 12.4 நாள். நீளும் சுருங்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது முன்பாதிதான். 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு 14ஆம் நாள் முட்டை வெளியாகியிருக்காது. அன்று அவர் இன்னும் முன்பாதியில்தான் இருப்பார். பழைய ஆய்வுகள் பலவும் நாளை மட்டும் எண்ணிப் பெண்களைக் குழுவாகப் பிரித்தன. அப்படிப் பிரித்ததில் முன்பாதியும் பின்பாதியும் கலந்துபோயிருந்தால், அங்கே கிடைத்த 'வேறுபாடு உண்டு', 'வேறுபாடு இல்லை' இரண்டையுமே நம்ப முடியாது.

மனக்காட்சியை அளப்பது எப்படி

மிகப் பழக்கமான கருவி, டேவிட் மார்க்ஸ் 1973இல் வெளியிட்ட தெளிவுக் கேள்வித்தாள். நான்கு காட்சிகள், காட்சிக்கு நான்கு கேள்விகள், மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலை மதிப்பெண். எளிதானது, ஆனால் பதில் சொல்பவரின் அளவுகோலைச் சார்ந்தது. ஒருவர் 'மிகத் தெளிவு' என்பதை இன்னொருவர் 'பரவாயில்லை' என்பார். அன்றைய மனநிலையும் மதிப்பெண்ணை இழுக்கும். சோர்வான நாளில் எல்லாவற்றுக்கும் குறைவாகவே போடத் தோன்றும்.

இந்தச் சிக்கலைத் தாண்ட ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜோயல் பியர்சன் குழுவினர் பயன்படுத்தும் முறை நுட்பமானது. ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கோடுகள், மறுகண்ணுக்கு அதற்குக் குறுக்கே ஓடும் பச்சைக் கோடுகள். இரண்டையும் ஒரே இடத்தில் காட்டினால் மூளை இரண்டையும் கலந்து பார்க்காது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் மேலெழும். அந்தப் படங்களைக் காட்டுவதற்கு முன், 'சிவப்பை நினையுங்கள்' அல்லது 'பச்சையை நினையுங்கள்' என்று சொல்லி ஆறேழு நொடி அவகாசம் தருவார்கள். பிறகு இரண்டு படங்களையும் ஒரு நொடிக்கும் குறைவாகக் காட்டி, எது தெரிந்தது என்று கேட்பார்கள். மனக்காட்சி வலுவாக உள்ளவருக்கு நினைத்த நிறமே மேலெழும். நினைத்ததும் தெரிந்ததும் நூற்றுக்கு ஐம்பது முறை மட்டும் ஒத்துப்போனால் அது தற்செயல்; எண்பது முறை ஒத்துப்போனால் மனத்தில் உண்மையிலேயே ஒரு படம் இருந்து பார்வையைச் சாய்த்திருக்கிறது. நினைத்ததையே பார்த்ததாகச் சொல்லிவிடுபவர்களைக் கண்டுபிடிக்க, நடுநடுவே இரண்டும் பாதிப் பாதியாகக் கலந்த பொய்ப்படங்களையும் காட்டுவார்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும். நினைக்கும் நேரத்தில் திரையில் வெளிச்சம் கூடினால் மனப்படம் கலைந்து, இந்தச் சாய்வும் குறைந்துவிடும்.

2015இல் அதே குழுவினர் இந்த முறையையும் தெளிவுக் கேள்விகளையும் கொண்டு பெண்களையும் ஆண்களையும் சோதித்தார்கள். பின்பாதியின் நடுவில், அதாவது புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் உள்ள நாள்களில் இருந்த பெண்களின் மனக்காட்சி, முன்பாதியின் கடைசியில் இருந்த பெண்களுடையதையும் ஆண்களுடையதையும்விட வலுவாக இருந்தது. புரோஜெஸ்டிரோன் அளவோடு மனக்காட்சி வலுவுக்குத் தொடர்பும் தெரிந்தது.

இதில் மதிக்க வேண்டியது, கேள்வித்தாளோடு நிறுத்தாமல் பார்வைச் சோதனையும் செய்தது. கவனிக்க வேண்டிய குறையும் ஒன்று உண்டு. ஒப்பிட்டது வேறு வேறு பெண்களை. ஒரே பெண்ணை இரண்டு கட்டங்களில் வைத்துப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஆள் மனக்காட்சி இவ்வளவு மாறும்போது, ஒரு குழுவில் தெளிவாகப் பார்ப்பவர்கள் நான்கைந்து பேர் கூடுதலாகச் சேர்ந்துவிட்டாலே முடிவு சாயலாம். ஆகவே இதை நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

ஏன் புரோஜெஸ்டிரோன்?

புரோஜெஸ்டிரோன் உடலில் உடைந்து அல்லோப்ரெக்னனோலோன் என்ற பொருளாகிறது. மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையை இது கூட்டும். தூக்க மாத்திரைகள் சிலவும் இதே ஏற்பிகளில்தான் வேலை செய்கின்றன. பின்பாதியில் சிலருக்குக் கண் சொக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்ட்ராடியோல் உள்ளிட்ட ஈஸ்ட்ரோஜனின் போக்கு பொதுவாக எதிர்ப்பக்கம்: துடிப்பைத் தூண்டும்.

அடக்கம் கூடினால் மனப்படம் மங்கத்தானே வேண்டும் என்று தோன்றும். 2020இல் பியர்சன் குழுவின் இன்னொரு ஆய்வு எதிர்பாராத திசையைக் காட்டியது. தலையின் பின்பக்கத்தில் பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணி அமைதியாக இருப்பவர்களுக்கே மனக்காட்சி வலுவாக இருந்தது. அந்தப் பகுதி எளிதில் துடிப்பவர்களுக்கு மங்கலாக இருந்தது. வானொலியை வைத்துப் பார்த்தால் புரியும். இரைச்சல் குறைவாக இருந்தால் மெலிந்த குரலும் கேட்கும். மனப்படம் மெலிந்த குரல்தான். மூளையின் முன்பகுதியிலிருந்து பின்னோக்கி வரும் வலுக்குறைந்த செய்தி. பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் வழியாகப் பார்வைப் புறணியின் இரைச்சல் அடங்குவதால் படம் துலங்கலாம். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊகம் அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் இதை ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெண்ணிடம் ஹார்மோன், புறணியின் துடிப்பு, மனக்காட்சி மூன்றையும் மாதம் முழுக்கத் தொடர்ந்து அளந்தால்தான் உறுதியாகும்.

சுழற்றும் திறன்: கைவிட வேண்டிய கதை

கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்கள் இரண்டைக் காட்டி, ஒன்றைத் திருப்பினால் மற்றது வருமா என்று கேட்கும் சோதனை 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் செய்தது. திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. இந்தச் சோதனையில் ஆண்களின் சராசரி பெண்களுடையதைவிடக் கூடுதலாக இருப்பதால், ஹார்மோன்தான் காரணமா என்ற தேடல் தொடங்கியது. 2000இல் ஹௌஸ்மன் குழுவினர், ரத்தப்போக்கு நாள்களில் பெண்கள் சுழற்றுவதில் மேம்பட்டும், எஸ்ட்ராடியோல் உயர்ந்த நாள்களில் குறைந்தும் இருந்ததாகச் சொன்னார்கள். மிகச் சிறிய குழுவிடம் கிடைத்த முடிவு அது. ஆனாலும் பல ஆண்டுகள் மேற்கோளாக ஓடியது.

2025இல் 102 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற ஏறத்தாழ 3,900 பெண்களின் தரவைச் சேர்த்துக் கணக்கிட்ட பகுப்பாய்வு வெளிவந்தது. கவனம், நினைவு, மொழி, இடத்திறன் என எதிலும் மாதவிடாய்ச் சுழற்சியோடு சேர்ந்து திறன் மாறுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஓ' நிலைத் தேர்வன்று பீரியட் வந்துவிட்டதே, கணக்கு வராதே என்று கலங்கும் மாணவிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைவிட அதிகம் கலங்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். வயிற்றுவலிக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையும், முந்தைய இரவு நல்ல தூக்கமும், இரும்புச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதும் தேர்வுக்கு உதவும். மூளை அன்று குறைந்துவிட்டது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. அந்த எண்ணமே பிள்ளையின் கையை நடுங்க வைக்கும்.

அழைக்காமல் வரும் படங்கள்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வொன்றில் பெண்களுக்கு விபத்தும் மரணமும் அடங்கிய காணொளித் துண்டு காட்டப்பட்டது. அடுத்த சில நாள்களில் அந்தக் காட்சிகள் தாமாக மனத்தில் எத்தனை முறை வந்தன என்று அவர்கள் குறித்துவைத்தார்கள். ரத்தப்போக்கு தொடங்கி 16 முதல் 20 நாளுக்குள், அதாவது முட்டை வெளியான கையோடு, காணொளியைப் பார்த்தவர்களுக்கு மற்ற கட்டங்களில் பார்த்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாகக் காட்சிகள் திரும்பி வந்தன. ஆஸ்திரேலியாவில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமும் இதை ஒத்த போக்கு தெரிந்தது: பின்பாதியின் நடுவில் இருந்தவர்களுக்கு மீள்காட்சிகள் கூடுதல்.

இங்கே எந்த ஹார்மோன் காரணம் என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. சிலர் புரோஜெஸ்டிரோனின் ஏற்றத்தைச் சொல்கிறார்கள். எஸ்ட்ராடியோல் குறைந்த நிலையில் பயம் தணிவது தாமதமாகிறது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. முட்டை வெளியான அடுத்த இரண்டு மூன்று நாள்களில் எஸ்ட்ராடியோல் சரிவதும் புரோஜெஸ்டிரோன் ஏறுவதும் ஒன்றாக நடப்பதால், இரண்டு விளக்கங்களுக்கும் அந்த நாள்கள் இடம் கொடுக்கின்றன.

சாலை விபத்தைப் பார்த்த பெண், பிரசவத்தில் அதிர்ச்சிக்கு உள்ளான தாய், அவசரப் பிரிவில் வேலை செய்யும் தாதி, இவர்களுக்கு இது பயன்படும் செய்தி. பத்து நாள் அமைதியாக இருந்த காட்சி மறுபடி வந்தால், 'நான் பழையபடி ஆகிவிட்டேன்' என்று நினைத்து நொறுங்கிப்போவது இயல்பு. தேதியைப் பார்த்தால் அது ஒவ்வொரு மாதமும் அதே கட்டத்தில் வருகிறது என்பது பிடிபடலாம். காட்சி வரும்போது கையையும் கண்ணையும் ஒருசேர வேலை வாங்கும் செயல் உதவக்கூடும். எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009இல் வேதனைக் காணொளி பார்த்தவர்களை அரைமணி கழித்து 'டெட்ரிஸ்' விளையாடச் செய்தபோது திரும்பிவரும் காட்சிகள் குறைந்தன. படத்தைத் தாங்கும் இடமும் துண்டுகளைத் திருப்பிப் பொருத்தும் இடமும் மனத்தில் ஒன்றே என்பதால் இரண்டும் போட்டியிடுகின்றன. களிமண் பிசைவதும் இதே வகைதான். சாக்லேட் ஏக்கத்தை அது குறைத்ததாக ஆய்வு உண்டு. பின்பாதியில் வரும் தின்பண்ட ஏக்கமும் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வரும்: சட்டியில் புரளும் மீ கோரெங், அதன் சிவப்பு, அதன் வாசனை.

தன்னைத்தானே கவனிக்க விரும்புபவர்களுக்கு

இரண்டு முழுச் சுழற்சிகளாவது வேண்டும். ஒன்றே ஒன்று என்றால், மாதத்தின் கடைசியில் தெளிவு கூடியது ஹார்மோனாலா பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது. முடிந்தால் முதல் சுழற்சியை ரத்தப்போக்கு நாளிலும் அடுத்ததைப் பின்பாதியிலும் தொடங்குங்கள்.

கட்டத்தைக் குறிக்க எல்.எச். பட்டைகள் வேண்டும், கார்டியன், வாட்சன்ஸ் கடைகளில் கிடைக்கும். உங்கள் சுழற்சி நீளத்திலிருந்து 17ஐக் கழித்து வரும் நாளிலிருந்து தினமும் சோதியுங்கள்: 30 நாள் சுழற்சிக்கு 13ஆம் நாள். எல்.எச். பெரும்பாலும் காலையில் பாய்ந்து சில மணிநேரம் கழித்தே சிறுநீரில் தெரிவதால், பட்டைக்குப் பகல் அல்லது பிற்பகல் சிறுநீர் நல்லது. அதற்கு முன் இரண்டு மணிநேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர்த்துப்போனால் கோடு வெளிறும். சோதனைக் கோடு கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் பாய்ச்சல் என்று பொருள். சாயல் மட்டும் தெரிவதை எண்ணக் கூடாது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே உயர்ந்திருக்கலாம், பட்டை பல நாள் பொய்யாக ஆம் என்று சொல்லும். பாய்ச்சல் தெரிந்த நாளிலிருந்து ஏழாம் நாள்தான் பின்பாதியின் நடு.

முட்டை உண்மையில் வெளியானதா என்று உறுதிசெய்யக் காலை வெப்பநிலை பார்க்கலாம். படுக்கையை விட்டு எழும் முன், இரண்டு தசம இடம் காட்டும் வெப்பமானியால், தினமும் ஒரே நேரத்தில். 0.3 பாகை அளவு ஏறி மூன்று நாள் தொடர்ந்தால் முட்டை வெளியாகிவிட்டது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது கைகொடுக்காது. ரமலான் மாதத்தில் சஹருக்கு எழும் நாள்களின் அளவையும் மற்ற நாள்களோடு ஒப்பிடக் கூடாது. ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்த்தால் இன்னும் நிச்சயம். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் என்றால் முட்டை வெளியாகியிருக்கிறது. அறிக்கை லிட்டருக்கு நானோமோல் கணக்கில் இருந்தால் 3.18ஆல் வகுத்துப் பாருங்கள். இந்த இரண்டு அலகுகளையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் பலர். உமிழ்நீர்ச் சோதனையில், உணவுக்கோ கோப்பிக்கோ பிறகு அரைமணியாவது கழித்து, பல் தேய்க்காமல், வாயில் ஊறுவதை அப்படியே குழாயில் வழியவிட வேண்டும். ஈறில் துளி ரத்தம் கசிந்தாலும் அளவு பொய்யாக ஏறும், ஏனென்றால் உமிழ்நீரில் இருப்பதைப்போலப் பல மடங்கு ஹார்மோன் ரத்தத்தில் இருக்கிறது.

மதிப்பெண்ணுக்கு நான்கு காட்சிகளைத் தேர்ந்தெடுங்கள்: நெருங்கிய ஒருவரின் முகம், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விடியல், உங்கள் புளோக்கின் கீழ்த்தளம், கெர்பாவ் சாலையில் பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீடு. ஒவ்வொன்றிலும் நான்கு அம்சங்கள். 1 என்றால் படமே இல்லை, 5 என்றால் நேரில் பார்ப்பது போல. மொத்தம் 16 முதல் 80. ஒரே காட்சிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போனமுறை போட்ட எண் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே இதுபோல மூன்று தொகுதி தயாரித்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். அன்று சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிவிட வேண்டும். பின்பாதியில் கூடும் என்று தெரிந்துகொண்டு போட்டால் கூடத்தான் செய்யும். முந்தைய இரவுத் தூக்க மணிநேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.

முதலில் ஒரே கட்டத்துக்குள் அடுத்தடுத்த மூன்று நாள் அளந்து பாருங்கள். கட்டம் மாறாமலே உங்கள் மதிப்பெண் ஐந்தாறு புள்ளி ஆடுகிறது என்றால், கட்டங்களுக்கு இடையே வரும் நான்கு புள்ளி வேறுபாட்டுக்குப் பொருள் இல்லை. இந்த ஒரு படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரை எடுக்கும்போது

கூட்டுக் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு முட்டை வெளியாவதில்லை. இடைவெளி வாரத்தில் வரும் ரத்தப்போக்கு மருந்து நின்றதால் வருவது. அவர்களுக்கு முன்பாதி பின்பாதி என்ற கணக்கே பொருந்தாது. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு எதிர்மாறாக, ரத்தப்போக்கு நின்றாலும் முட்டை வெளியாகிக்கொண்டிருக்கும். அவர்கள் எல்.எச். பட்டையைத்தான் நம்ப வேண்டும்.

நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்று, கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடுவது. தைப்பூசப் பால்குடம், தீமிதி, கல்யாணம் என்றால் நோரெதிஸ்டிரோன் மாத்திரை எழுதி வாங்குகிறார்கள். வழக்கமான அளவு 5 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்து. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு வரும். ரத்தம் உறையும் பிரச்சினை இருந்தவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கவே கூடாது. இது செயற்கைப் பொருள். உடலின் புரோஜெஸ்டிரோனைப்போல அல்லோப்ரெக்னனோலோனாக மாறாது. ஆகவே அந்த மாதத்துக் குறிப்புகளை மனக்காட்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணெதிரே நெளியும் ஒளிக்கோடும் மனக்காட்சியில் சேராது. அது கண் திறந்திருந்தாலும் தெரியும், நினைத்தாலும் போகாது. அப்படி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கவாத அபாயம் கூடும்.

ரத்தப்போக்குக்கு முந்தைய வாரம் மாதம்தோறும் மனம் உடைந்து, கோபம் மீறி, வாழ்வதே வேண்டாம் என்ற காட்சிகள் வந்து, பீரியட் தொடங்கியதும் விலகுகிறதென்றால், அது மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனக்குலைவாக இருக்கலாம். அதைக் கண்டறிய மருத்துவருக்கு இரண்டு சுழற்சிகளின் தினசரிக் குறிப்பு தேவை. பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோனால் அந்த இரண்டு சுழற்சிக் காத்திருப்பு மிச்சமாகும். குறிப்பு எழுதி முடியும்வரை பொறுக்க முடியாத அளவுக்கு மனம் வலித்தால் சிங்கப்பூரின் மனநல உதவி எண்ணான 1771ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இலும் இரவு பகலாக ஆள் இருப்பார்கள்.

அதிர்ச்சிக்காக உளவியல் சிகிச்சை பெறுபவர்கள், ஒவ்வொரு சந்திப்பின் தேதிக்குப் பக்கத்திலும் கடைசி ரத்தப்போக்கு தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். வேதனைக் காட்சியை வேண்டுமென்றே மனத்தில் கொண்டுவந்து பார்க்கச் சொல்லும் சிகிச்சைகளில், ஒரு வாரம் காட்சி கூர்மையாக வந்து மூச்சடைப்பதும் அடுத்த வாரம் மங்கலாக வருவதும் நடக்கும். சிகிச்சை சரியாகப் போகவில்லை என்று இருவரும் முடிவுகட்டுவதற்கு முன், அந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால், கூர்மையான வாரம் எப்போதும் ஒரே கட்டத்தில்தான் விழுகிறதா என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும்.